வியர்வைக்குப் பின் ஒரு கிளாஸ் தே

கேமரன் மலை, லெம்பா பெர்த்தாம் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். குளிருக்கு இதமாக, சீனி தூக்கலாகப் போட்ட தேநீரில்தான் எங்கள் வீட்டில் பொழுது விடியும். பாட்டி அந்தச் சீனியைக் கூடையோடு மலைச்சரிவில் ஏறி இறங்கியே செலவழித்துவிடுவார். மோட்டார் சைக்கிளில் போய் வரும் எனக்கு அந்த வழி இல்லை. ஆனால், தேநீரின் இனிப்பு மட்டும் குறையவில்லை.

அப்பாவுக்கு நீரிழிவு. ஒரு நாள் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பசியாறாமலே கொழுந்து பறிக்க மேட்டில் ஏறிவிட்டார். சிறிது நேரத்தில் கை நடுங்கியது, சட்டை வியர்வையில் நனைந்தது, பேச்சு குழறியது. செடியோரம் உட்கார வைத்து, பிளாஸ்கிலிருந்த சீனித் தேநீரைக் குடிக்கக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்தார். எந்தத் தேநீரைக் குறைக்கச் சொல்லி அவரோடு நான் மல்லுக்கட்டினேனோ, அதுவே அன்று அவரைக் காப்பாற்றியது.

இது முரண்பாடு அல்ல. நாம் நடக்கும்போதும் ஓடும்போதும் தசைகள் இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. இன்சுலின் ஊசியோ, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு மருந்தும் உழைப்பும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம். அளவு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் ஆபத்து. உடனே 15 கிராம், அதாவது ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். மெட்போர்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

நம்மைப் போன்ற இளைஞர்களின் கதை வேறு. ஒரு மணி நேரம் ஃபுட்சால் ஆடியதும் தசைகளில் சேமித்திருந்த சர்க்கரை குறைகிறது. அந்தக் குறையை நிரப்பவே தசைகள் ஒரு நாள் வரையிலும், சில வேளை அதற்கு மேலும், இன்சுலினுக்கு நன்றாக இணங்கி வேலை செய்கின்றன. உடற்பயிற்சியின் பெரிய இலாபம் இதுதான். திடலை விட்டு வெளியே வந்ததும் இனிப்புப் பானம், தே தாரிக், ரொட்டி சானாய் என்று உள்ளே தள்ளினால் அந்த இலாபத்தில் ஒரு பகுதி கரைந்துவிடுகிறது. ஆய்வுகளும் இதைக் காட்டியிருக்கின்றன.

2019 ஜூலை முதல் நம் நாட்டில், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள பானங்களுக்கு வரி உண்டு. அந்த வரம்புக்குள் இருக்கும் 500 மில்லிலிட்டர் போத்தலிலும் 25 கிராம் வரை சீனி இருக்கலாம். வரி இல்லை என்பதற்காக உடலுக்குச் சுமை இல்லை என்று ஆகிவிடாது.

இதை வீட்டுக் கதையாக ஒதுக்கிவிட முடியாது. 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஆறில் ஒருவருக்கு, நீரிழிவு இருக்கிறது. நம் சமூகத்தின் பங்கு அதில் சிறிதல்ல.

ஆகவே நண்பர்களே, சாதாரண மாலை ஆட்டத்துக்குப் பிறகு தண்ணீர் போதும். சற்று நேரத்தில் இரவுச் சாப்பாடு வரத்தான் போகிறது. அன்றே இன்னோர் ஆட்டம் இருந்தால் மட்டும் வாழைப்பழமோ சோறோ சாப்பிட்டுத் தெம்பேற்றிக்கொள்ளுங்கள். சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது எல்லோருக்கும் நல்லது. இன்சுலின் எடுக்கும் நண்பர் குழுவில் இருந்தால், ஆடுமுன் அளவு 5-க்குக் கீழே இருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். இருந்தால் முதலில் ஏதாவது சாப்பிடட்டும். அன்றிரவும் சர்க்கரை இறங்கலாம் என்பதை வீட்டாருக்குச் சொல்லி வைக்கட்டும். எவ்வளவு சாப்பிடுவது, மருந்தைக் குறைப்பதா என்பதை கிளினிக்கில் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

பள்ளிகளும் இளைஞர் மன்றங்களும் திடலில் குளிர்பானப் பெட்டிக்குப் பதிலாகத் தண்ணீர்க் கலனை வைக்கட்டும். முதலுதவிப் பெட்டியில் நான்கு சீனிப் பொட்டலங்களும் இருக்கட்டும்.

அப்பா இப்போது பசியாறாமல் மேடு ஏறுவதில்லை. சட்டைப் பையில் சீனிப் பொட்டலம் இருக்கிறது. வீட்டில் அவர் குடிக்கும் தேநீரில் மட்டும் சீனி இல்லை.