மண்டபம் நமது, கல்யாணம் அவர்களது

இலங்கைக் கிரிக்கெட்டுக்கு அண்மைக் காலமாக ஒரு புதிய தொழில் வாய்த்திருக்கிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகமாட்டோம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போதெல்லாம் மைதானத்தைத் திறந்து விளக்கைப் போட்டுக் கொடுப்பதுதான் அது. 'நடுநிலை மைதானம்' என்று கௌரவமான பெயரும் வைத்திருக்கிறார்கள். இது ஏதோ ஒருமுறை செய்த உதவியும் அல்ல. சர்வதேச கிரிக்கெட் பேரவையின் தொடர்களை இவ்விரு நாடுகளில் எது நடத்தினாலும் மற்ற நாட்டின் ஆட்டங்கள் நடுநிலை மைதானத்தில்தான் என்று 2027 வரைக்கும் முடிவு செய்து, 2024 டிசம்பரில் அறிவித்தும் விட்டார்கள்.

நம்மவர்கள் பூரித்துப் போகிறார்கள். டொலர் வருமாம், சுற்றுலாப் பயணிகள் வருவார்களாம். வரட்டும். யாருடைய பைக்குள் வருகிறது என்பதே என் கேள்வி.

2023 ஆசியக் கிண்ணத்தை எடுத்துக்கொள்வோம். தொடரின் உரிமையாளர் பாகிஸ்தான். பதின்மூன்று ஆட்டங்களில் நான்குதான் அங்கே நடந்தன. ஒன்பது ஆட்டங்கள் பல்லேகலையிலும் கொழும்பிலும். இத்தகைய தொடர்களில் பெரும் பணம் ஒளிபரப்பு உரிமையில் இருக்கிறது. அதை விற்றது ஆசிய கிரிக்கெட் பேரவை. டிக்கெட் பணமோ தொடரின் உரிமையாளருக்குரியது; அதனால்தான் இலங்கையில் அரங்குகள் வெறிச்சோடியபோது நட்டஈடு கேட்டது பாகிஸ்தான் கிரிக்கெட் சபை. மைதானம் கொடுத்தவருக்கு எஞ்சுவது வாடகை. கல்யாண மண்டபக்காரருக்குப் பந்தியில் என்ன உரிமை?

நடுநிலையின் லட்சணத்தையும் அதே தொடரில் பார்த்தோம். செப்டெம்பர் 2 ஆம் திகதி பல்லேகலையில் இந்தியா 266 ஓட்டங்கள் எடுத்ததோடு மழை ஆட்டத்தை முடித்துவைத்தது. பாகிஸ்தான் ஒரு பந்துகூடச் சந்திக்கவில்லை. உடனே என்ன செய்தார்கள்? அடுத்த சுற்றில் இந்திய-பாகிஸ்தான் ஆட்டத்துக்கு மட்டும் மேலதிக நாள் ஒன்றை, தொடரின் நடுவிலேயே ஒதுக்கினார்கள். அதே சுற்றில் ஆடிய இலங்கைக்கும் பங்களாதேஷுக்கும் அந்தச் சலுகை இல்லை. மைதானத்துக்குச் சொந்தக்காரன் மழையில் நனையலாம், விளம்பரம் நனையக்கூடாது!

2025 மகளிர் உலகக் கிண்ணத்தில் கதை இன்னும் மோசம். கொழும்பில் பதினொரு ஆட்டங்கள். அவற்றில் ஐந்து மழையால் முடிவின்றிப் போயின. ஒக்டோபர் மாலையில் கொழும்பில் மழை பெய்யும் என்பதை அறிய வானிலை நிபுணர் தேவையில்லை, ஒரு முச்சக்கரவண்டிச் சாரதி போதும்.

கொழும்புக்காரர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஆசியக் கிண்ணம் நனைந்த அந்த செப்டெம்பர் மாதம், கல்முனைக் கரையில் கச்சான் காற்று வீசும் காலம். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை மைதானங்கள் காய்ந்து புழுதி பறக்கும். ஆனால் சர்வதேச ஆடவர் ஆட்டமொன்றைக் கண்ட மைதானம் கிழக்கு மாகாணம் முழுவதிலும் ஒன்றுகூட இல்லை.

அதற்காகக் கல்முனையில் சர்வதேச அரங்கு கட்டுங்கள் என்று கேட்பவன் அல்லன் நான். 2011 உலகக் கிண்ணத்துக்காகச் சூரியவெவவில் கட்டினார்களே! அந்த உலகக் கிண்ணம் முடிந்தபின் கடனில் மூழ்கிய கிரிக்கெட் நிறுவனம், வீரர்களுக்கே மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்க முடியாமல் நின்றது. கொழும்பில் மழை மிரட்டிய 2023 இல், அந்த அரங்குக்கு ஆட்டங்களை மாற்றுவோம் என்று ஒரு பேச்சு எழுந்தது, எழுந்த வேகத்திலேயே அடங்கியும் போனது.

நான் கேட்பது கணக்கு. அமெரிக்காவில் ஜோர்ஜியா, புளோரிடா பல்கலைக்கழகங்கள் தமது வருடாந்தக் கால்பந்தாட்டத்தைப் பல தசாப்தங்களாக ஜக்சன்வில் என்ற நகரத்தில் ஆடி வந்திருக்கின்றன. இரண்டு அணிக்கும் சொந்த மைதானம் அல்ல. அந்த ஆட்டத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ள நகரம் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுக்கிறது. எவ்வளவு கொடுக்கிறது என்பது நகரசபையில் விவாதிக்கப்படும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. வரி செலுத்துபவன் படித்துப் பார்த்துத் திட்டலாம். திட்டுகிற உரிமையாவது அவனுக்கு உண்டு.

இங்கே கணக்குக் கேட்டால் 'அரசியல் தலையீடு' என்ற கேடயம் தயாராக இருக்கிறது. 2023 நவம்பரில் அரசாங்கமும் கிரிக்கெட் நிறுவனமும் மோதிக்கொண்டதில் சர்வதேசப் பேரவை இலங்கையை இடைநிறுத்தியது. நமக்கென்று கிடைத்திருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணமும் தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டது. ஊராருக்கெல்லாம் மண்டபம் கொடுத்தவர்கள் சொந்த வீட்டுக் கல்யாணத்தைக் கோட்டைவிட்ட கதை அது. அரசியல்வாதிகள் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. இரு தரப்பும் சேர்ந்தே கெடுத்தார்கள்.

ஆகவே, அடுத்த முறை அயலவரின் ஆட்டத்துக்கு மைதானம் கொடுக்குமுன் ஸ்ரீலங்கா கிரிக்கெட் நிறுவனம் ஆட்டம் ஆட்டமாகச் சொல்லட்டும்: வாடகை எவ்வளவு, பொலிஸ் பாதுகாப்புக்கும் விளக்குக்கும் எவ்வளவு, மழை பெய்தால் நட்டம் யார் தலையில்? வாடகையில் நூற்றுக்குப் பத்தை மாவட்ட மைதானங்களுக்கு ஒதுக்கட்டும். எங்கள் சந்தாங்கேணி மைதானத்தில் அஸருக்குப் பின் பந்தை உதைக்கும் பையன்களுக்கு இந்தியாவும் வேண்டாம், பாகிஸ்தானும் வேண்டாம். புல்லும் தண்ணீர்க் குழாயும் போதும்.