ஓட்டமும் ஒரு பாடமே

"ஓடத் தெரியாத பிள்ளை உண்டோ?" என்று கேட்பவர் பலர். நடக்கப் பழகிய நாள் முதலாய் ஓடுகிறோமே, அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். அதனால்தான் விளையாட்டு விழாவுக்குச் சில நாட்கள் முன்பு, வகுப்பில் வேகமாக ஓடும் நான்கு பேரைப் பொறுக்கியெடுத்துவிட்டு, மற்றவரையெல்லாம் கைதட்ட உட்கார வைத்துவிடுகிறோம். இது முறையன்று என்பதே எங்கள் கருத்து. சிலருக்கு வேகம் பிறவியிலேயே மிகுதி என்பது மெய்தான். ஆயினும் முறையாகக் கற்றால் ஒவ்வொருத்தியும் தன் பழைய வேகத்தை மிஞ்ச முடியும் என்பதும் மெய்.

நூறு மீட்டர் ஓட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் முதற்பாடம் புறப்பாடு. 1896-ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தாமஸ் பர்க் என்ற அமெரிக்கர் குனிந்த நிலையிலிருந்து புறப்பட்டு நூறு மீட்டரில் வென்றார். இன்று உலகெங்கும் அதுவே வழக்கம். 'ஆன் யுவர் மார்க்ஸ்' என்றதும், கோட்டுக்குப் பின்னால் கைகளைத் தோள் அகலத்தில் ஊன்றி, பின்காலின் முழங்காலைத் தரையில் வைக்கிறோம். 'செட்' என்றதும் இடுப்பைத் தோளைவிடச் சற்று உயர்த்தி, உடலின் பாரத்தை முன்னே சாய்த்து, அசையாமல் நிற்கிறோம். வெடியோசை கேட்டதும் இரண்டு கால்களாலும் தரையை உதைத்துப் பாய்கிறோம்.

இங்கேதான் பலரும் பிழை செய்கிறார்கள். புறப்பட்டவுடனே நிமிர்ந்துவிடுகிறார்கள். அப்படி நிமிர்ந்தால் கால் உதைக்கும் விசை உடலை முன்னே தள்ளாமல் மேலே தூக்குவதில் வீணாகிறது. முதற் சில எட்டுகளில் உடல் முன்சாய்ந்தே இருக்கவேண்டும். எட்டுகள் நீள நீள, இருபது முப்பது மீட்டருக்குள் சிறுகச் சிறுக நிமிரவேண்டும்.

அடுத்தது ஓட்டம். முழங்கால் நன்கு உயரவேண்டும். பாதத்தின் முன்பகுதி தரையைத் தொடவேண்டும். அதுவும் உடலுக்கு வெகுதூரம் முன்னே விழாமல், ஏறக்குறைய இடுப்புக்கு நேர்கீழே விழவேண்டும். எட்டிப் போடும் கால் வேகத்துக்குத் தடை போடும் கால். முழங்கை மடிந்த கைகள் தோளிலிருந்து முன்னும் பின்னும் வீசவேண்டும். மார்புக்குக் குறுக்கே வீசினால் உடல் முறுக்கிக்கொள்ளும். பல்லைக் கடித்து, தோளை இறுக்கிக்கொண்டு ஓடுவதால் வேகம் கூடாது, குறையும். முகமும் கழுத்தும் தளர்ந்திருக்கட்டும்.

கடைசிப் பாடம் முடிப்பு. தலையோ கையோ அல்ல, உடற்பகுதி கோட்டை எட்டுவதே கணக்கு. ஆகவே கோட்டைத் தாண்டி இன்னும் சில மீட்டர் ஓடப்போவதாக எண்ணிக்கொண்டு, மார்பை முன்தள்ளி முடிக்கவேண்டும். 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நம் நாட்டின் பி. டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடியில் ஓடினார். வெண்கலம் பெற்றவரின் நேரம் 55.41. அந்த நூற்றில் ஒரு பங்கு விநாடியைத் தூரமாகக் கணக்கிட்டால் ஏழு சென்டிமீட்டர், அதாவது நான்கு விரற்கடை! ஓட்டத்தின் நுணுக்கங்கள் எதற்கு என்று கேட்பவருக்கு இதைவிட வேறு விடை வேண்டுமா?

"இதற்கெல்லாம் கருவிகள் எங்கே?" எனலாம். புறப்பாட்டுக் கட்டைகள் ஒலிம்பிக்கில் இடம்பெற்றதே 1948-இல்தான். 1936-இல் பெர்லினில் ஜெசி ஓவன்ஸ் ஓடுபாதையில் சிறு குழி தோண்டி, அதில் கால் பதித்தே புறப்பட்டார். நம் மைதானத்தில் மண்ணுக்கா பஞ்சம்?

பெற்றோர் சிலர், "பெண்பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு?" என்கிறார்கள். ஆறாம் வகுப்புவரை துள்ளி ஓடியவளை, "பெரியவளாகிவிட்டாய், அடக்கமாயிரு" என்று உட்கார வைக்கிறார்கள். இந்த அச்சம் புதிதன்று. ஒலிம்பிக் தடகளத்தில் பெண்கள் முதன்முதலாக ஓடியது 1928-இல், ஆம்ஸ்டர்டாமில். நூறு மீட்டரில் வென்ற பெட்டி ராபின்சனுக்கு வயது பதினாறு. நம்மைப் போன்ற மாணவிதான். ஆனால் அதே போட்டியில் 800 மீட்டர் ஓடிய பெண்கள் களைத்து விழுந்தார்கள் என்று கூறி, 1960 வரை அந்த ஓட்டத்தையே பெண்களுக்கு மறுத்துவிட்டார்கள். ஆண்கள் களைத்தபோது ஓட்டத்தை நிறுத்தியவர் யார்? 1948-இல் லண்டனில் ஃபேனி பிளாங்கர்ஸ்-கோயன் நான்கு பொற்பதக்கங்கள் வென்றபோது அவர் இரு குழந்தைகளுக்குத் தாய். 1952-இல் ஹெல்சிங்கியில் நம் நாட்டின் மேரி டிசூசாவும் நீலிமா கோஷும் ஓடினார்கள். ஓட்டத்தால் பெண்மை குறைந்துவிடவில்லை.

"படிப்புக் கெடுமே" என்பது அடுத்த கவலை. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக அறுபது நிமிடம் உடலுழைப்பில் ஈடுபடவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. வாரத்தில் சில மணியே உள்ள உடற்பயிற்சி நேரத்தையும் தேர்வு நெருங்கியதும் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுத்துவிட்டால், எஞ்சுவது என்ன?

ஆகவே நாங்கள் பணிவுடன் மூன்று வேண்டுகோள் வைக்கிறோம். அன்பு அருட்சகோதரியரே, ஆறாம் வகுப்பு முதல் எல்லா மாணவியருக்கும் ஓட்டத்தின் அடிப்படைகளைக் கற்பியுங்கள். பத்தாம் வகுப்பிலும் உடற்பயிற்சி நேரத்தைக் காத்துத் தாருங்கள். அன்புப் பெற்றோரே, பயிற்சிக்காக அரைமணி தாமதமாக வீடு திரும்பும் மகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். தோழியரே, "எனக்கு வராது" என்று சொல்லி ஒதுங்காதீர்கள். மெதுவாக ஓடி உடலைச் சூடாக்கிக்கொண்டு, முதலில் புறப்பாட்டைப் பழகுங்கள். கடைசியாக வருபவளும் சென்ற மாதத்தைவிட அரை விநாடி குறைத்திருந்தால், அதுவும் வெற்றியே. அவளுக்காகவும் கைதட்டும் பள்ளியாக நம் பள்ளி விளங்கட்டும்!