ஃப்யூவல் பம்ப்புக்கும் ஹெட் உண்டு

கோயமுத்தூர்க்காரருக்குப் பம்ப் வாங்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. போர் எத்தனை அடி, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, எவ்வளவு டெலிவரி வேண்டும், கரண்ட் எப்படி வருகிறது என்று கேட்டுவிட்டுத்தான் கடைக்காரரே மோட்டாரைக் காட்டுவார். 200 அடியிலிருந்து தள்ளுகிற தண்ணீரை அதே மோட்டார் 400 அடியிலிருந்து தள்ளாது என்பது நம் விவசாயிகள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர்கள் வீட்டுப் பையன்கள் காருக்கு ஃப்யூவல் பம்ப் மாற்றும்போது மட்டும் இந்த ஊர் அறிவு எங்கே போய்விடுகிறதோ!

நம் காலத்து அம்பாஸடரிலும் பியட்டிலும் கேம் ஷாஃப்ட் தட்டி ஓடும் டயஃப்ரம் பம்ப். கார்புரேட்டருக்கு அது கொடுக்கும் அழுத்தம் அரை பார் கூட இருக்காது. கோடையில் குன்னூர் மலை ஏறும்போது வண்டி மூச்சு முட்டினால் பம்ப் மேல் ஈரத்துணி போட்டோம், தீர்ந்தது. இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கியபடி ஒரு சின்ன மின்சாரப் பம்ப் இருக்கிறது. நம் சப்மெர்சிபிள் மோட்டாரின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 3 பார் அழுத்தத்தில் தள்ள வேண்டும். தண்ணீர்க் கணக்கில் ஏறக்குறைய 100 அடி ஹெட்.

டர்போ அழுத்தத்தைக் கூட்டினால் இந்த ஹெட்டும் ஏறும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. டர்போ 1 பார் காற்றை உள்ளே திணித்தால், அதை எதிர்த்துப் பெட்ரோல் பீய்ச்ச ரெகுலேட்டர் எரிபொருள் அழுத்தத்தை 4 பாருக்கு உயர்த்தும். எஞ்சின் அதிகம் குடிக்கிற அதே நேரத்தில் பம்ப்பின் டெலிவரி குறையும். பெட்டி மேல் '255 லிட்டர்' என்று போட்டிருப்பது ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில், நல்ல வோல்டேஜில் அளந்தது. 255 என்ற எண்ணை மந்திரம் போலச் சொல்லும் பையன்களிடம் "எத்தனை பாரில், எத்தனை வோல்ட்டில் தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது.

பழைய 1.8 டர்போ ஆக்டேவியா ஆர்எஸ் வண்டியை எடுத்துக்கொள்வோம். கம்பெனியில் 150 குதிரைத்திறன். அதை 200 ஆக்க ஆசை. டர்போ எஞ்சினுக்கு முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல். 200க்கு 54 கிலோ, அதாவது 73 லிட்டர். இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 சதவீத எத்தனால் கலந்தது, அதற்கு 7, 8 சதவீதம் கூடுதலாகப் போடுங்கள். பழசாகும், சூடாகும் என்று இன்னொரு கால் பங்கு. 100 லிட்டர்கூட வரவில்லை. ஆனால் அந்த 100 லிட்டரும் 4 பாரில் வர வேண்டும்.

அப்படியானால் பெரியதாகவே போட்டுவிட்டால் என்ன என்பார்கள். போடலாம், கெட்டுவிடாது என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் மிச்சப் பெட்ரோல் முழுவதும் சுற்றிச்சுற்றி டேங்குக்கே திரும்பி, டேங்கைச் சூடாக்கும். திரும்பும் குழாய் ஒல்லியாக இருந்தால் ரெகுலேட்டரால் அழுத்தத்தை அடக்க முடியாது. ஆம்பியரும் கூடுதலாக இழுக்கும். பழைய மெல்லிய ஒயரில் வோல்டேஜ் இறங்கி, பெரிய பம்ப் சின்னப் பம்ப் மாதிரி ஓடும். லோ வோல்டேஜில் மோட்டார் ஓட்டிய நமக்கு இதை விளக்க வேண்டுமா?

எங்கள் பகுதிப் பையன் ஒருவன் வண்டிக்கு அதுதான் நடந்தது. ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் தெரியவில்லை. பைபாஸில் முழுதாக மிதித்தபோது பெட்ரோல் பற்றவில்லை. கலவை வறண்டு, எஞ்சின் தட்டி, ஒரு பிஸ்டன் தலையில் ஓட்டை. பம்ப் உயர்ந்த ரகம்தான். பேட்டரியிலிருந்து ரிலே வைத்துத் தனி ஒயர் இழுக்காததுதான் கோளாறு. அந்த ஒயருக்கு ஆகும் செலவை எஞ்சின் வேலைக்கு ஆன பில்லோடு ஒப்பிடவே மனம் வரவில்லை. அவன் அப்பா தென்னந்தோப்பில் மூன்று மோட்டார் வைத்திருப்பவர் என்பது தனிக்கதை.

என் அபிப்பிராயத்தில் காசு போக வேண்டிய வரிசை வேறு. முதலில் எரிபொருள் அழுத்தம் காட்டும் கேஜ். அடுத்து ஒயரும் ரிலேயும். டேங்குக்குள் போடும் ஹோஸ் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கவென்றே செய்த 30ஆர்10 ரகம். சாதாரண ஹோஸ் வெளிப்பக்கம் ஊறி உப்பிவிடும். அதற்குப் பிறகுதான் பம்ப். அதையும் அழுத்தத்துக்கு எதிரே டெலிவரி காட்டும் வரைபடத்தைப் பார்த்து வாங்க வேண்டும். பெயர்பெற்ற பம்ப்புகளுக்குப் போலி நிறைய வருவதால், பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் டேங்க் பம்ப் போக எஞ்சின் மேல் இன்னொரு உயர் அழுத்தப் பம்ப் இருக்கும். அந்தக் கணக்கு தனி.

மாட்டியதும் ரோட்டில் மிதித்துப் பார்க்காதீர்கள். டைனோ இருக்கிற பட்டறையில் ஏற்றுங்கள். ஓட்டித்தான் பார்க்க வேண்டும் என்றால் செட்டிபாளையத்தில் டிராக் இருக்கிறது. 1 பார் டர்போ ஏறும்போது கேஜ் முள் 3லிருந்து 4க்குப் போய், ஆர்பிஎம் உச்சத்திலும் அங்கேயே நிற்க வேண்டும். 3.5க்கு நழுவினால் உடனே காலை எடுத்துவிடச் சொல்லுங்கள்.