கெம்பஸை விட்டு வந்த பிள்ளையை மறைக்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கெம்பஸில் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டார் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள்.

ஏ.எல் பெறுபேறு வந்தால் நமது ஊர்களில் பேனர் கட்டுகிறோம். கிண்ணியா, மூதூர், ஜமாலியா, புல்மோட்டை எங்கும் இதுதான். அதே பிள்ளை ஒன்றரை வருடம் கழித்து பெருநாள் லீவுக்கு வந்து, திரும்பிப் போகாமல் அறைக்குள்ளேயே இருந்தால் என்ன செய்கிறோம்? "லீவு நீண்டுபோச்சு" என்று உம்மா பக்கத்து வீட்டில் சொல்வார். வாப்பா பள்ளிவாசலில் யாரும் கேட்டுவிடுவார்களோ என்று சலாம் கொடுத்த கையோடு வெளியேறுவார். ஆறு மாதத்தில் பையனுக்குப் பாஸ்போர்ட் எடுத்தாகிவிடும், மகளென்றால் மாப்பிள்ளை பார்த்தாகிவிடும். கெம்பஸுக்கு மட்டும் ஒருவரும் எதுவும் அறிவிக்கமாட்டார்கள்.

அந்த மௌனம்தான் பிள்ளையின் படிப்பை முடித்து வைக்கிறது. வருத்தமோ, கஷ்டமோ, பயமோ அல்ல.

படிப்பை நிறுத்தி வைப்பது வேறு, படிப்பை விடுவது வேறு. நடுவில் இருப்பது ஒரு கடிதம். துறைத் தலைவர் ஊடாகப் பீடாதிபதிக்கு எழுதி, பிரதியைப் பீடத்தின் உதவிப் பதிவாளருக்குக் கொடுக்க வேண்டும். காரணம், எந்தத் திகதியிலிருந்து எது வரை, எப்போது திரும்புவேன் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். நோய் என்றால் மெடிக்கல் வேண்டும். ஊரில் தெரிந்த டொக்டரிடம் வாங்கிய துண்டு பல இடங்களில் எடுபடாது. அரச ஆஸ்பத்திரியில் காட்டி, கெம்பஸ் வைத்திய அதிகாரியிடம் காலம் தாழ்த்தாமல் ஒப்படைக்க வேண்டும். மனச்சோர்வும் நோய்தான், அதற்கும் மெடிக்கல் உண்டு. ஓதிப் பார்ப்பதை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓதிய பிறகு கிளினிக்குக்கும் கூட்டிப் போங்கள்.

இதைச் செய்தால் என்ன கிடைக்கும்? அனுமதி பெற்று பரீட்சைக்குப் போகாத பிள்ளை, அடுத்த முறை எழுதும்போது அது முதல் தடவையாகவே கணக்காகும். சொல்லாமல் நின்ற பிள்ளைக்கு அது ரிப்பீட். எவ்வளவு நன்றாக எழுதினாலும் பொதுவாக 'சி'க்கு மேல் போடமாட்டார்கள், கிளாஸ் கிடைக்கும் வாய்ப்பும் போய்விடும். ஒரே நோய், ஒரே பரீட்சை, கடிதம் கொடுத்ததும் கொடுக்காததும்தான் வித்தியாசம். பட்டத்தை முடிக்க உச்சக் காலவரம்பும் உண்டு. அது பீடத்துக்குப் பீடம் மாறும், ஆகவே தத்தமது பீடத்தின் கைநூலைப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மருத்துவம், பொறியியல், முகாமைத்துவம் போன்ற துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும் 55 வீதம் மாவட்டங்களுக்கும் போகிறது. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. இரண்டாம் வருடத்தில் நம் பிள்ளை விட்டு வந்த இடத்துக்கு இங்கிருந்து வேறு பிள்ளையை எடுக்கமாட்டார்கள். இதைப் பிள்ளையிடம் சொல்லிக் குத்திக்காட்ட வேண்டாம். "நாலு நாளில் சரியாகிவிடும்" என்று கடிதத்தைத் தள்ளிப்போடும் பெரியவர்களுக்குத்தான் சொல்கிறோம்.

பகிடிவதையால் வந்த பிள்ளை என்றால் கதை வேறு. "ஆம்பிளப் புள்ள, கொஞ்சம் தாங்கு" என்று பஸ் ஏற்றிவிடும் மாமாமார் நம்மிடம் நிறைய. 1997இல் பேராதனைப் பொறியியல் பீட முதல் வருட மாணவன் வரப்பிரகாஷ் பகிடிவதையில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தான். அடுத்த வருடம் வந்தது 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். அதன்படி பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை, கடுங்காயமோ பாலியல் தொல்லையோ என்றால் பத்து வருடம் வரை சிறை. இப்படி வந்த பிள்ளைக்கு லீவுக் கடிதத்தோடு முறைப்பாடும் வேண்டும். கெம்பஸில் சொல்லப் பயமென்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு நேரடியாக எழுதலாம்.

மகள்மார் விடயம். நிக்காஹ் முடிந்ததும், பிள்ளை உண்டானதும் படிப்பு தானாக நின்றுவிட வேண்டும் என்று எந்தப் பீடத்திலும் சட்டமில்லை, மார்க்கத்திலும் இல்லை. பிரசவத்துக்கு லீவு கேட்கலாம். மருமகள் திரும்பிப் போவாளா என்பதை மாமி வீட்டார் முடிவெடுப்பதுதான் நம் ஊர் வழக்கம். அதைக் கலியாணம் பேசும்போதே பேசுங்கள், மஹர் பேசும் அதே இருப்பில்.

படிப்பு நடுவில் அறுந்ததை வெட்கமாக நினைக்கும் சமூகம் அல்லவே நாம். 1990இல் யுத்தம் மூண்டபோது யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் படித்த நம் பிள்ளைகள் பாதியில் வந்தார்கள். அப்படி இடம்பெயர்ந்தவர்களை முன்வைத்துத்தான் மர்ஹூம் அஷ்ரஃப் அவர்களின் முயற்சியில் 1995 ஒக்டோபரில் ஒலுவிலில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது, 1996 மே மாதம் அது தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது. அந்தப் பிள்ளைகள் பாதியில் வந்ததை எந்த வாப்பாவும் ஊருக்கு மறைக்கவில்லை.

பணக் கஷ்டத்தால் நிற்கும் பிள்ளை இருந்தால் பள்ளிவாசல் நிருவாகத்திடம் சொல்லுங்கள். ஸகாத் நிதி தையல் மெஷினுக்கும் வள்ளத்துக்கும் போவது நல்லதுதான், ஹொஸ்டல் சாப்பாட்டுக்கும் போகலாம்.

கடிதம் எழுதத் தெரியாத, ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதப் பயப்படும் பிள்ளைகள் அஸருக்குப் பிறகு எங்களிடம் வரட்டும். ஊரில் ஆசிரியர்கள் நாலைந்து பேர் இருக்கிறோம், எழுதித் தருகிறோம். வரும்போது மாணவர் அடையாள அட்டையும், மெடிக்கல் இருந்தால் அதன் போட்டோக் கொப்பியும் கொண்டுவாருங்கள். என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கமாட்டோம், பிள்ளையாகச் சொன்னால் தவிர.