கோலமும் குற்றச்சாட்டும்: சிபுயாவின் கியாருப் பாணி பற்றி

உடை என்பது உடலை மூடுவதற்கு மாத்திரம் உரியதன்று. யார் எதனை அணியலாம், எவ்வளவு மினுக்கலாம், எங்கே அடங்கி நிற்கவேண்டும் என்னும் விதிகளை ஒவ்வொரு சமுதாயமும் வகுத்துள்ளது. அவ்விதிகளை மீறி எழும் கோலம் எதுவாயினும், அது ஆராயப்படுவதற்கு முன்னரே தீர்ப்புக்கு உள்ளாகிவிடுகிறது. யப்பானின் தலைநகராகிய தோக்கியோவில், சிபுயா வட்டாரத் தெருக்களில் 1990களில் செழித்தெழுந்த ‘கியாரு’ என்னும் பெண்களின் கோலமும் இவ்வாறே தீர்ப்பளிக்கப்பட்டது. இளம்பெண்ணைக் குறிக்கும் ஆங்கிலப் பேச்சுச் சொல் ஒன்றின் யப்பானிய வடிவமே இப்பெயர்.

இப்பாணியைப் பற்றிப் பேசுவோர் இரு சாரார். ஒரு சாரார் இதனைப் பைத்தியக் கோலம் எனவும், அந்நிய மோகம் எனவும், வணிகர் விரித்த வலை எனவும் இகழ்வர். மற்றைய சாரார் இதனைக் கட்டற்ற சுதந்திரத்தின் வெளிப்பாடு எனவும், யாரும் எவ்வாறும் அணியத்தக்க விளையாட்டு எனவும் புகழ்வர். எதிர்த்திசைகளில் நிற்பவர்போலத் தோன்றினும் இவ்விரு சாராரும் இழைக்கும் தவறு ஒன்றே. கியாருக் கோலம் பயின்று, பிழைவிட்டு, திருத்தி, மீண்டும் பயின்று தேரவேண்டிய ஒரு கைவினை என்பதையும், அதன் பின்னால் உழைப்பு உண்டு என்பதையும் இருவருமே காண மறுக்கின்றனர்.

பாணியின் வளர்ச்சி

சிபுயாவில் 1979இல் திறக்கப்பட்ட ‘109’ என்னும் பலமாடி அங்காடி, பின்னாளில் இப்பாணியின் நடுவிடமாயிற்று. 1990களின் தொடக்கத்தில் யப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்தது. பள்ளியில் அடங்கியிருந்தால் நல்ல தொழில், நல்ல தொழில் கிடைத்தால் நிலையான வாழ்வு என்று பெற்றோர் கூறிவந்த வாக்குறுதி தளர்ந்த காலம் அது. அக்காலத்திலேயே பள்ளி மாணவியர் சிலர் சீருடைப் பாவாடையைக் குறுக்கி, கணுக்காலில் மடிந்து தொங்கும் தளர்ந்த வெண்காலுறைகளை அணிந்து, கூந்தலைப் பழுப்பாக்கித் தெருவுக்கு வந்தனர். 1995இல் ‘எக்’ என்னும் இதழ் தோன்றியது. 1996 அளவில் ஒக்கினாவாவிற் பிறந்த பாடகி அமுரோ நமியேயின் கோலத்தைப் பின்பற்றியோர் ‘அமுரர்’ எனப்பட்டனர். அப்பத்தாண்டின் இறுதியில் முகத்தை ஆழ்ந்த பழுப்பாக்கிக் கண்களையும் உதடுகளையும் வெண்மையாக்கும் ‘கங்குரோ’ பரவியது. அதனினும் முனைப்பான ‘யமன்பா’ அதனைத் தொடர்ந்தது.

யமன்பா என்பது நாட்டார் கதைகளிலும் நோ நாடகத்திலும் வரும் மலைவாழ் மூதாட்டிப் பேயின் பெயர். அப்பெயர் இகழ்ச்சியாகவே வீசப்பட்டது. வீசப்பட்ட கல்லையே எடுத்து அணிகலனாக்கிக்கொண்டமை அப்பெண்களின் துணிவைக் காட்டும்.

இயற்கைக்கு மாறானது என்னும் வாதம்

இகழ்வோர் முதலிற் கூறுவது, இக்கோலம் இயற்கைக்கு மாறானது, யப்பானிய மரபுக்கு ஒவ்வாதது என்பதாகும். யப்பானிய மரபு எப்போது இயற்கையான முகத்தைப் போற்றியது என்பதே இங்கு எழும் வினா. மணமான பெண்கள் பற்களைக் கருமையாக்குதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை அங்கு அழகெனக் கருதப்பட்டது. கெய்சாப் பெண்டிர் முகத்தை வெண்பூச்சால் முழுவதும் மறைப்பர். வெண்ணிறம் ஏழு குறைகளை மறைக்கும் என்பது அந்நாட்டின் முதுமொழி. ஆகவே இங்கு எதிர்க்கப்பட்டது செயற்கைப் பூச்சன்று. வெண்மையாக்கும் பூச்சு பண்பாடு எனவும், கருமையாக்கும் பூச்சு காட்டுமிராண்டித்தனம் எனவும் கொள்ளப்பட்டன என்பதே உண்மை.

கபுக்கி நாடகத்தின் கதை இதனினும் பொருத்தமான சான்று. கபுக்கி என்னும் பெயர் ‘சாய்தல், நேர்வழியினின்று பிறழ்தல்’ எனப் பொருள்படும் வினையடியிற் பிறந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விசித்திர உடையும் விசித்திர முடியும் கொண்டு தெருக்களிலே திரிந்தோர் ‘கபுக்கிமோனோ’ எனப்பட்டனர். ஆட்சியாளர் அவர்களை ஒடுக்கினர். 1603 அளவில் கியோத்தோவில் ஓகுனி என்னும் பெண் அத்தகைய கோலத்தை மேடையேற்றி ஆடினாள். 1629இல் பெண்கள் மேடையேறுதல் தடைசெய்யப்பட்டது. பின்னர் ஆண்களின் கையில் வளர்ந்த அக்கலையில், செந்நிறக் கோடுகள் வீரத்தையும் நீலக் கோடுகள் தீமையையும் காட்டும் ‘குமதொரி’ முகவரைவு உருவாகியது. இன்று அது நாட்டின் பெருமிதம். யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் கபுக்கி இடம்பெற்றுள்ளது. தெருப் பிறழ்ச்சியாகத் தோன்றிய கோலத்தை நானூறு ஆண்டு கழித்துப் பூசிக்கும் சமுதாயம், தன் கண்முன்னே பள்ளிச் சிறுமியர் வரையும் முகவரைவைக் கண்டு அருவருப்பது மரபுப் பற்று ஆகாது. காலம் கடந்தபின் மட்டும் கலையைக் காணும் குருட்டுத்தனம் அது.

இயற்கை பற்றிப் பேசுவோரின் நேர்மையைப் பள்ளி விதிகளிலும் காணலாம். யப்பானியப் பள்ளிகள் பல, இயல்பிலேயே பழுப்பு முடியோ சுருள் முடியோ உடைய மாணவரிடம் அது பிறவியில் அமைந்தது என்பதற்குச் சான்றுப் பத்திரம் கேட்டன. முடியைக் கருமையாக்குமாறு தொடர்ந்து வற்புறுத்தப்பட்டதாக ஒசாக்காவில் மாணவி ஒருத்தி 2017இல் வழக்கிட்டாள். 2021இல் நீதிமன்றம் முடி பற்றிய விதியைச் செல்லுபடியானதென்றே கொண்டது. ஆயினும் வகுப்பிலிருந்து அவளது இருக்கையையும் பட்டியலிலிருந்து அவளது பெயரையும் அகற்றியமைக்காக 3,30,000 யென் இழப்பீடு விதித்தது. தோக்கியோவின் மாநகரப் பள்ளிகளில் முடியை ஒரே கருநிறத்தில் வைத்திருக்கவேண்டும் என்னும் விதி 2022இலேயே நீங்கியது. இயற்கையைக் காப்போர் எனத் தம்மைக் கூறிக்கொண்டவர் காத்தது இயற்கையை அன்று, கீழ்ப்படிதலையே.

ஒழுக்கமும் நகலும்

இரண்டாவது குற்றச்சாட்டு ஒழுக்கம் பற்றியது. 1990களின் நடுப்பகுதியில், பணம் பெற்று முதிய ஆண்களுடன் பழகிய பள்ளிப் பெண்கள் பற்றிய செய்திகளை வார இதழ்கள் பரபரப்பாக வெளியிட்டன. சிலரின் செயல் ஒரு பாணியை அணிந்த அனைவரதும் இயல்பாகக் காட்டப்பட்டது. பணம் கொடுத்த ஆண்கள் அணிந்த மேற்சட்டையும் கழுத்துப்பட்டியும் ஒழுக்கக்கேட்டின் சின்னமாக எவராலும் எழுதப்படவில்லை. குற்றம் எங்கே இருந்தாலும் அதன் அடையாளம் பெண்ணின் உடையிலேயே தேடப்படும் என்பதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மூன்றாவது குற்றச்சாட்டு, கங்குரோ கறுப்பின மக்களின் தோற்றத்தை நகலெடுக்கிறது என்பதாகும். இது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. கடற்கரை, கோடை, ஒக்கினாவா, கலிபோர்னியா ஆகியவற்றின் கவர்ச்சியே அப்பழுப்பின் பெரும்பகுதிக்குக் காரணம். ஆயினும் அமெரிக்கக் கறுப்பின இசைஞரின் தோற்றத்தை வெளிப்படையாகவே பின்பற்றிய பிரிவினரும் இருந்தனர். ஒரு மக்களின் நிறத்தை மாலையில் பூசிக் காலையிற் கழுவுவோர், அம்மக்கள் கழுவ முடியாது சுமக்கும் இழிவை அறியாதிருத்தல் கூடாது. இவ்விமரிசனத்தை ஏற்றுத் தன்னைத் திருத்திக்கொள்ளுதல் பாணிக்கு இழுக்கன்று. திருத்தம் பெறுவதே கைவினையின் இயல்பு.

கைவினையின் நுட்பம்

கியாருவின் கலைச்சொற்களுள் தலையாயது ‘மொரு’ என்பது. குவித்தல், மேலேற்றி நிறைத்தல் என்பது அதன் பொருள். சோற்றைக் கிண்ணத்திற் குவிப்பதற்கும் அதுவே சொல். ஆனால் குவித்தல் வேறு, கொட்டுதல் வேறு. குவித்ததைச் சரியாமல் நிறுத்துவதற்குக் கணக்கு வேண்டும்.

கண்ணை எடுத்துக்கொள்ளலாம். செயற்கை இமைமயிரை இயல்பான மயிரின் வேரோடு ஒட்டினால் கண் அடர்த்தி பெறும், பெருக்காது. கீழிமையில் அதனைச் சற்றுத் தாழ்த்தி ஒட்டி, இடைப்பட்ட வெளியை வெண்மையால் நிரப்பினாலே கண்ணின் எல்லை கீழிறங்கும். வெளிக்கோடியில் மைக்கோட்டைக் கீழ்நோக்கி வளைத்தால் பார்வை சாந்தமாகும். மேல்நோக்கி இழுத்தால் கூர்மையாகும். கருவிழியைப் பெரிதாகக் காட்டும் வில்லையை அணிந்தால் மேற்கூறிய அளவுகள் யாவும் மாறும். மூக்குத்தண்டின் வெண்கோடு ஒரு நூலளவு அகன்றாலும் முகம் தட்டையாகிவிடும். கூந்தலோ நிறநீக்கியின் கடுமையைத் தாங்கவேண்டும். உச்சியின் உட்பகுதி மயிரை வேர்நோக்கி எதிர்த்துச் சீவி உயர்த்தி, மேற்படையால் அதனை மூடி, நுனிகளைச் சூடேற்றிய கோலிற் சுருட்டி, தெளிப்பால் நிலைநிறுத்துவர். கண்ணைப் பெருக்கியவள் கூந்தலை உயர்த்தாவிடின் முகமே கனத்துத் தோன்றும். ஓருறுப்பில் ஏற்றியதை மற்றோருறுப்பில் ஈடுசெய்யும் இந்நிறைவுணர்வு ஒரே நாளில் வருவதன்று.

இது எங்கே கற்பிக்கப்பட்டது? எந்தக் கல்லூரியிலும் அன்று. ‘எக்’ முதலிய இதழ்கள் தெருவிற் கண்ட வாசகியரையே உருவக்காரிகளாக்கின. ஆதலால் கற்பித்தவளும் கற்றவளும் ஒரே தெருவினர். 1995இல் அறிமுகமான ஒட்டுப்படப் பொறி, சில நாணயங்களுக்குத் தன் முகத்தைத் தானே மீண்டும் மீண்டும் பார்த்துத் திருத்தும் வாய்ப்பை அளித்தது. ‘109’இன் விற்பனைப் பெண்கள் தாமே அணிந்து காட்டி அறிவுரை கூறினர். இவை எல்லாவற்றினும் மேலாக, அருகிலிருந்த தோழி ‘இடக்கண் தாழ்ந்துவிட்டது’ என்று ஒளியாமற் கூறினாள். அதுவே பள்ளி, அதுவே பரீட்சை.

வணிகர் போனபின்

இது வணிகரின் படைப்பு என்போருக்கு வரலாறே விடை கூறும். வணிகர் இப்பாணியால் ஈட்டினர் என்பதில் ஐயமில்லை. ஏழைச் சிறுமியின் பணப்பை இதனால் மெலிந்தது என்பதும் மெய். ஆயின் 2014இல் ‘எக்’ நின்றது. அவ்வாண்டே ‘கொஅக்குமா அகெஹா’ என்னும் இதழை வெளியிட்ட நிறுவனமும் வீழ்ந்தது. 2020இல் ‘செசில் மக்பி’ என்னும் பெருவணிகப் பெயர் தன் கடைகளை மூட முடிவுசெய்தது. வணிகம் படைத்த பொருளாயின் வணிகத்தோடு மாண்டிருத்தல் வேண்டும். மாறாக, பாணி எஞ்சிற்று. 2018இல் ‘எக்’ இணையத்தில் மீண்டும் தோன்றுமளவுக்கு எஞ்சிற்று. கடை மூடப்படலாம், கை கற்ற வித்தை மூடப்படுவதில்லை.

இப்பெண்களால் நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்போர்க்கு, கியாருவாகவே நின்று பத்தொன்பது வயதில் தொழில் முயற்சி தொடங்கி, 2009இல் இளையோரை வேளாண்மைக்கு ஈர்க்க நெற்பயிரில் இறங்கிய புஜிதா சிகோவைச் சிலர் சான்று காட்டுவர். சான்று நன்றே. ஆயினும் நெல் விளைவித்தமையால் மாத்திரம் மதிப்பளிப்பது பழைய தவறின் மறுவடிவமாகும். குயவனின் கலத்தை மதிக்க, அவன் ஏரும் பிடித்தானா என்று கேட்பாரில்லை.

புகழ்வோரின் பிழை

இகழ்வோரினும் புகழ்வோரே இன்று இப்பாணிக்குக் கூடுதலான கேடு செய்கின்றனர். ‘உள்ளம் கியாருவாயின் கோலம் எதுவாயினும் கியாருவே’ என்பது அவர்களது வாக்கு. கேட்பதற்கு இனியது, கற்க வருபவளுக்கோ நஞ்சு. எதுவும் கியாரு எனின் கியாரு என்று ஒன்று இல்லை. யப்பானுக்கு வெளியே பிறந்து, வேறு நிறமும் வேறு கண்ணமைப்பும் வேறு முடியும் கொண்டு இப்பாணியைப் பயில்வோர், இதழில் உள்ள அளவுகள் தம் முகத்துக்குப் பொருந்தாமையைக் கண்டு, மயிரிழை மயிரிழையாக மாற்றிப் பார்த்து வழி காண்கின்றனர். அத்தகையவள் ஒருத்தி தன் முயற்சியை முன்வைத்துக் குறை கேட்கும்போது, ‘மிக அழகு’ என்னும் உபசாரச் சொல்லோடு அவளை அனுப்பிவிடுவது அன்பன்று. அவளது உழைப்பை ஆராயும் சிரமத்தைத் தவிர்க்கும் சோம்பலே.

விமரிசனம் வேண்டும் என்பதனால் ஏளனத்துக்கு உரிமை உண்டென்பதில்லை. இமைமயிர் தவறாக ஒட்டப்பட்டது எனலாம். கண் சிறிது எனலாகாது. பூச்சு கழுத்தோடு இசையவில்லை எனலாம். நிறம் தாழ்ந்தது எனலாகாது. செய்ததைத் திருத்துவது விமரிசனம். பிறந்ததைப் பழிப்பது கொடுமை. அவள் கையால் மாற்றக்கூடியது எதுவோ அதுவே விமரிசனத்துக்குரிய பொருள்.

பெண்கள் நெய்தபோது அது வீட்டுவேலை எனப்பட்டது. பாடியபோது பொழுதுபோக்கு எனப்பட்டது. முகத்தை வரைந்தபோது மினுக்கு எனப்பட்டது. அவர்கள் செய்வதனைத்தும் இயல்பாகவோ பைத்தியமாகவோ வருவதென்றும், தேர்ச்சியால் வருவதன்றென்றும் கூறுவது நெடுங்கால வழக்கு. சிபுயாவின் கண்ணாடிகளுக்கு முன்னே மணிக்கணக்காக அமர்ந்த பெண்கள் அவ்வழக்கைப் பொய்ப்பித்தனர். அவர்களது கோலத்தை விரும்பவேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அதனைப் பழிக்க விரும்புவோரும் புகழ விரும்புவோரும் முதலில் அதனைப் பார்க்கக் கற்றுக்கொள்ளவேண்டும். பாராமற் கூறும் பழியும் பாராமற் கூறும் புகழும் ஒரே தராசில் ஒரே எடையுடையன.