கேட்டபின் தீர்ப்பளியுங்கள்

திருச்சியிலிருந்து கரூர் செல்லும் சாலையில், காவிரியின் தென்கரையில், முக்கொம்புக்குச் சற்று முன்னால் இருக்கிறது ஜீயபுரம். வாழையும் நெல்லும் அவ்வூர் மக்களின் வாழ்வு. அங்குள்ள வாழைத் தோட்டம் ஒன்றின் வரப்பில் நின்றபோதுதான் இக்கட்டுரைக்குக் காரணமான செய்தியை நாம் கேட்டோம். பொறியியல் கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு பயிலும் மாணவன், விடுதியில் புதுமுக மாணவன் ஒருவனைப் பகடிவதை செய்தான் என்ற குற்றத்துக்காக ஒரு பருவம் முழுவதும் கல்லூரியை விட்டு நீக்கப்பட்டிருக்கிறான். சொன்னவர் அவனுடைய தந்தை. சொல்லும்போது அவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை; வாழைக்கு முட்டுக் கொடுத்திருந்த மூங்கிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அம்மாணவனுக்காக நாம் எழுதப் போகிறோம் என்றதும் நண்பர்கள் சிலர் முகம் சுளித்தனர். "ராகிங் செய்தவனுக்குமா வக்காலத்து?" என்றனர். அந்தக் கேள்விக்கான விடையே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். புதுமுக மாணவன் பொய் சொன்னான் என்று நாம் கூறவில்லை. அவன் அடிபட்டது உண்மை. ஒரு சனிக்கிழமை இரவு விடுதியின் மூன்றாம் மாடிக்கு அவன் அழைக்கப்பட்டான், முழங்காலிட வைக்கப்பட்டான், கன்னத்தில் அறையப்பட்டான். பெயர் அறியாததால், 'மூத்த மாணவர்கள் சிலர்' என்றே அவன் புகாரில் எழுதினான். விசாரணைக் குழுவினர் செய்தது என்ன? அந்த மாடியின் அறைப் பட்டியலை எடுத்தனர். அதிலிருந்த அனைவரையும் குற்றவாளிகள் ஆக்கினர். ஆளுக்கு ஐந்து நிமிடம் விசாரணை. புகாரின் படியை எவனுக்கும் காட்டவில்லை. மறுநாள் மாலை தண்டனை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுவிட்டது.

நம் மாணவன் அன்றிரவு விடுதியிலேயே இல்லை. வெள்ளிக்கிழமை வீசிய காற்றில் தோட்டத்தில் வாழைகள் சாய்ந்தன. எஞ்சியவற்றுக்கு முட்டுக் கொடுக்கத் தந்தைக்குத் துணையாக ஊருக்கு வந்திருந்தான். விடுதியிலிருந்து வெளியேறியபோது வாயிற்பதிவேட்டில் அவன் இட்ட கையொப்பம் இருக்கிறது. அப்பதிவேடு விசாரணை நடந்த அறையிலிருந்து இருபது அடி தூரத்தில்தான் இருந்தது. அதை யாரும் திறந்து பார்க்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இம்மாணவன் புனிதன் அல்லன். சென்ற ஆண்டு, தான் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, புதியவர்களைப் பாடச் சொன்னதும் சலாம் வைக்கச் சொன்னதும் உண்டு என்று அவனே நம்மிடம் ஒப்புக்கொண்டான். அதற்காக அவன் வெட்கப்பட வேண்டும், தண்டிக்கப்படுவதும் தகும். ஆனால் செய்த பிழைக்காக ஒருவனைத் தண்டிப்பது வேறு; செய்யாத குற்றத்தை அவன் தலையில் ஏற்றுவது வேறு. "எப்படியும் யோக்கியன் இல்லையே" என்று சொல்லி இரண்டையும் ஒன்றாக்குவது நீதியன்று, சோம்பல்.

சட்டம் ஏன் இவ்வளவு கடுமையாயிற்று என்பதை நாம் மறந்தோமில்லை. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டார். அன்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பொன்னுசாமி அவர்களின் மகன் அவர். தமிழகமே உறைந்து நின்றது. அந்தக் கண்ணீரிலிருந்தே 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பகடிவதைத் தடைச் சட்டம் பிறந்தது. 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேச மருத்துவக் கல்லூரி ஒன்றில் அமன் கச்ரூ என்னும் மாணவர் மூத்த மாணவர்களின் அடியால் இறந்தார். அதே ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்குமான விதிமுறைகளை வெளியிட்டது. இச்சட்டங்கள் வேண்டும். இவை தளர்த்தப்பட வேண்டும் என்று சொல்வோருடன் நாம் ஒருபோதும் சேரோம்.

ஆயினும் அந்த நாவரசு வழக்கையே சற்று நினைத்துப் பாருங்கள். அதே கல்லூரியின் மூத்த மாணவரான ஜான் டேவிட் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. பகடிவதை தொடர்பாகத் தமிழகம் கண்ட குற்றச்சாட்டுகளில் அதைவிடக் கொடியது இல்லை. அவருக்கும் வழக்கறிஞர் இருந்தார். சாட்சிகள் குறுக்கு விசாரணை செய்யப்பட்டனர். 1998 மார்ச்சில் கடலூர் அமர்வு நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2001-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவ்விடுதலையை நீக்கித் தண்டனையை மீண்டும் உறுதி செய்தது. இடையில் ஓடியவை பதினான்கு ஆண்டுகளுக்கும் மேல். அந்தத் தாமதம் நாவரசுவின் பெற்றோருக்கு எத்தகைய வேதனையாக இருந்திருக்கும்! எனினும் இறுதித் தீர்ப்பு வந்தபோது, 'அவர் தரப்பைக் கேட்காமல் தண்டித்தார்கள்' என்று சொல்ல எவருக்கும் இடமிருக்கவில்லை. அவருக்காக வாதாடிய வழக்கறிஞர்கள் நாவரசுவின் எதிரிகளா? அல்லர். எதிர்த்தரப்பு முழுமையாகக் கேட்கப்பட்டதால்தான் அத்தீர்ப்பு உறுதியாக நிற்கிறது.

கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு மூன்று நீதிமன்றங்கள் செவி கொடுத்தன. ஜீயபுரத்து மாணவனுக்குக் கிடைத்தவை ஐந்து நிமிடங்கள்!

கல்லூரி நீதிமன்றம் அன்று, அதன் முதல்வர் நீதிபதியும் அல்லர் என்பதை அறிவோம். மாணவர் ஒழுங்கைக் காக்க விரைவு வேண்டும் என்பதும் மெய்யே. ஆனால் முதல்வர் எந்த நிலையில் நிறுத்தப்பட்டிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். 1997-ஆம் ஆண்டின் சட்டப்படி, புகார் வந்ததும் அவர் உடனே விசாரிக்க வேண்டும். உண்மையெனக் கண்டால் மாணவனை இடைநீக்கம் செய்ய வேண்டும். நடவடிக்கை எடுக்கத் தவறினால் அவரே குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படுவார். குற்றம் செய்தவனுக்குரிய தண்டனை, அதாவது இரண்டாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும், அவருக்கும் வரக்கூடும். குற்றவாளியை விட்டுவிட்டால் அவருக்கு இத்தனை ஆபத்து! குற்றமற்றவனைத் தண்டித்துவிட்டாலோ, அதே சட்டத்தில் அவருக்கு ஓர் ஆபத்தும் இல்லை. தராசின் ஒரு தட்டில் மட்டும் அச்சத்தை ஏற்றி வைத்துவிட்டு, முள் நடுவில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாமா?

மானியக் குழுவின் 2009 விதிமுறைகளோ தம்முள் தாமே முரண்படுகின்றன. விசாரணை நேர்மையாகவும் வெளிப்படையாகவும் இருக்க வேண்டும், இயற்கை நீதியின் நெறிகளைப் பின்பற்ற வேண்டும், குற்றம் சாட்டப்பட்ட மாணவன் தன் தரப்பை எடுத்துரைக்கப் போதிய வாய்ப்பளிக்க வேண்டும் என்று ஓரிடத்தில் அழகாகச் சொல்கின்றன. மற்றோரிடத்தில், செய்தவர் இன்னார் என்று அடையாளம் காண முடியாதபோது கூட்டுத் தண்டனை விதிக்க வேண்டும் என்கின்றன. முன்னது ஒரு கையால் கொடுப்பதைப் பின்னது மறு கையால் பறித்துக்கொள்கிறது. நம் மாணவனை வீழ்த்தியது இந்தப் பின்னதே.

கூட்டுத் தண்டனைக்கு ஒரு நியாயம் சொல்லப்படுகிறது: மாணவர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பதில்லை, எல்லாரையும் தண்டித்தால் யாரேனும் வாய் திறப்பார்கள். அனுபவம் வேறு விதமாக இருக்கிறது. செய்தவனும் செய்யாதவனும் ஒரே படகில் ஏற்றப்பட்டதும், செய்யாதவனின் கோபம் செய்தவன் மேல் திரும்புவதில்லை; புகார் கொடுத்தவன் மேல் திரும்புகிறது. 'இவன் ஒருவனால் இருபது பேர் கெட்டோம்' என்ற பேச்சு விடுதி முழுதும் பரவுகிறது. அடுத்த முறை அடிபடுகிறவன் புகார் எழுத அஞ்சுகிறான். யாரைக் காக்க எழுதப்பட்ட விதியோ, அவனையே அது தனிமைப்படுத்துகிறது.

விவிலியத்தில் தானியேல் நூலில் வரும் சூசன்னாவை நம் வாசகர்கள் அறிவர். மக்களின் மதிப்பைப் பெற்ற முதியோர் இருவர் சாட்சி சொன்னார்கள், சபை நம்பிவிட்டது, அவளைக் கொலைக்களத்துக்கு இட்டுச் செல்லும் வேளையில்தான் இளைஞனாகிய தானியேல் தடுத்தான். அவன் செய்தது வியத்தகு செயல் ஒன்றுமில்லை. சாட்சிகளைத் தனித்தனியே நிறுத்தி, "எந்த மரத்தின் கீழ் கண்டாய்?" என்று ஒரே கேள்வி கேட்டான். ஒருவன் ஒரு மரத்தைச் சொன்னான். மற்றவன் வேறொரு மரத்தைச் சொன்னான். பொய் வெளிப்பட்டது. தமிழ்க் காப்பியத்திலோ அப்படிக் கேட்க ஒருவரும் இல்லை. பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியன் ஆராயாமல் ஆணையிட்டான், கோவலன் வெட்டுண்டான், மதுரை எரிந்தது. இரண்டு கதைகளுக்கும் இடையேயுள்ள தூரம் ஒரு கேள்வியின் தூரமே. ஜீயபுரத்து மாணவனின் வழக்கில் அக்கேள்வி, "வாயிற்பதிவேடு எங்கே?" என்பதுதான்.

நாம் கேட்பவை பெரியன அல்ல. புகாரின் படியைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கொடுங்கள். தேவையானால் புகார் அளித்தவனின் பெயரை மறைத்துக் கொடுங்கள். மறுமொழி எழுத இரண்டு நாளேனும் அளியுங்கள். பெற்றோரையோ, அவன் நம்பும் ஆசிரியர் ஒருவரையோ உடனிருக்க விடுங்கள். பதிவேடுகளைத் திறந்து பாருங்கள். தண்டனைக்கான காரணத்தை எழுத்தில் தாருங்கள். கூட்டுத் தண்டனை என்னும் சொல்லை விதிமுறையிலிருந்தே நீக்குங்கள். இவற்றுள் எதுவும் அடித்தவனைத் தப்பவிடாது. மாறாக, அவன் கூட்டத்துக்குள் ஒளிய முடியாதபடி செய்யும்.

துணைவேந்தருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று விதி இடம் தருகிறது. அதை எழுதிக் கொடுத்துவிட்டுத் தந்தையும் மகனும் காத்திருக்கிறார்கள். கல்விக் கடன் கொடுத்த வங்கிக்கு என்ன சொல்வது என்று தந்தைக்குத் தெரியவில்லை. மகன் பகலில் வெளியே வருவதில்லை. அந்தி சாய்ந்த பிறகே தோட்டத்துக்கு வருகிறான்.

அந்தப் புதுமுக மாணவனையும் நாம் நினைத்துக்கொள்கிறோம். நீதி கிடைத்துவிட்டது என்று அவனிடம் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவனை அறைந்த கை எது என்று இன்றுவரை ஒருவரும் கண்டறியவில்லை. தண்டனைக் காலம் முடிந்ததும் அந்தக் கை மற்றவர்களோடு திரும்பி வரும். அதே உணவுக்கூடத்தில், அவனுக்கு எதிர் வரிசையில் அமர்ந்து சோறு பிசையும். ஜீயபுரத்து மாணவனுக்காகப் பேசும் நாம், அவனுக்காகவும்தான் பேசுகிறோம்.