‘பசுமைக் கணினி’ வாங்குமுன் ஒரு கணக்கு

கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் இன்ஃபினியோன் நிறுவனத்தின் சிலிக்கன் கார்பைடு சில்லு ஆலையைப் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் 2024 ஆகஸ்டு 8-இல் திறந்து வைத்தார். முதல் கட்ட முதலீடு 2 பில்லியன் யூரோ. ஆலை முழுவதும் பசுமை மின்சாரத்தில் இயங்கும் என்றும் நிறுவனம் அறிவித்தது. கெடா இளையோர் பலர் வேலை தேடிப் போகும் இடம் இது. ஆகவே, ‘பசுமை’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கணக்கை நம் மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

சிலிக்கன் கார்பைடு சில்லு, வழக்கமான சிலிக்கன் சில்லைவிட விலை கூடியது. பிறகு ஏன் வாங்குகிறார்கள்? மின்சாரத்தை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது அது குறைவாகவே வெப்பமாக வீணாகிறது. 24 மணி நேரமும் ஓடும் தரவு மையத்தில் அந்தச் சிறு மிச்சம் ஒவ்வொரு மணியும் சேர்கிறது. குளிரூட்டும் செலவும் குறைகிறது. வாங்கும் விலையை மட்டும் பார்ப்பவருக்கு இது நட்டம். பத்தாண்டு மின்கட்டணத்தையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு இலாபமாகலாம்.

இதே வாதத்தை ஒரு பள்ளிக் கணினி அறைக்குக் கொண்டு வாருங்கள், விடை தலைகீழாகிவிடும். ஓர் உதாரணக் கணக்கு: மேசைக் கணினிகள் 30. ஒவ்வொன்றும் 120 வாட். அவற்றுக்குப் பதிலாக 30 வாட் மடிக்கணினிகளை வைத்தால் மொத்தம் 2.7 கிலோவாட் மிச்சம். நாளுக்கு 5 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் என்றால் 2,700 யூனிட். யூனிட் 50 சென் என வைத்தால் ஆண்டுக்கு 1,350 ரிங்கிட். மடிக்கணினி ஒன்று 2,000 ரிங்கிட் என்றால் மொத்தச் செலவு 60,000. போட்ட பணம் திரும்ப 44 ஆண்டுகள்! அதற்குள் அந்த மாணவர்களின் பேரப்பிள்ளைகளே பள்ளிக்கு வந்துவிடுவார்கள்.

ஆனால், பழைய கணினிகள் பழுதாகி, எப்படியும் புதியவை வாங்கியே தீர வேண்டும் என்ற நிலையில் கேள்வியே வேறு. அப்போது மேசைக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் உள்ள விலை வித்தியாசத்தை மட்டும் எடுக்க வேண்டும். அது தலைக்கு 200 ரிங்கிட் என்றால் மொத்தம் 6,000. ஏறக்குறைய நாலரை ஆண்டில் பணம் மீண்டுவிடும். முதலீட்டுத் திட்டங்களில் ‘எதனோடு ஒப்பிட்டு?’ என்ற கேள்விதான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. விற்க வருபவர் அதை எழுப்ப மாட்டார்.

இன்னொரு செலவு மின்கட்டணத்தில் தெரியாது. ஒரு மடிக்கணினியால் உண்டாகும் கரியமில வாயுவில் பெரும்பங்கு, அது நம் கைக்கு வருமுன் தயாரிப்பிலேயே வெளியாகிவிடுகிறது. நன்றாக ஓடும் கணினியைப் ‘பசுமை’க்காகத் தூக்கி எறிவது அதனால் பல நேரம் பொருந்தாது. பயன்படுத்தாதபோது தானே அணையும்படி அமைத்துவிட்டால் ஒரு சென்கூடச் செலவில்லை.

பெரிய முதலீட்டுக்கு கெடாவிலேயே வேறோர் உதாரணம் குரூண். அங்குள்ள சூரிய மின் நிலையம் உட்பட மூன்று நிலையங்களுக்காக 2017-இல் 1 பில்லியன் ரிங்கிட் பசுமை சுக்குக் வெளியிடப்பட்டது. செலவு முழுவதும் முதலிலேயே. வருமானமோ சிறுகச் சிறுக. தெனாகாவுடன் 21 ஆண்டு மின் கொள்முதல் ஒப்பந்தம் இருந்ததால் பணம் போட்டவர்களுக்குத் துணிவு வந்தது. அத்தகைய உறுதி சிறு வணிகருக்கோ பள்ளிக்கோ கிடைப்பதில்லை. அவர்கள் தங்கள் பயன்பாட்டு நேரத்தை அளந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

கடைசியாகப் பழைய பொருள். 2018-இல் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியைத் தடுத்த பின், அக்கழிவு எரியும் புகை நாற்றம் பற்றி சுங்கை பட்டாணி மக்கள் புகார் செய்தது நினைவிருக்கலாம். கணினிக் கழிவு அதைவிட மோசமானது. அதில் ஈயம் உண்டு. நம் சட்டத்தில் அது ‘எஸ்டபிள்யூ 110’ என்ற குறியீட்டில் அட்டவணைக் கழிவாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. புதிய கணினிக்கு விலைப்புள்ளி கேட்கும் பள்ளியோ அலுவலகமோ, பழையதை எடுத்துச் செல்பவரிடம் சுற்றுச்சூழல் துறையின் உரிமம் உள்ளதா என்பதையும், அதற்கு என்ன கட்டணம் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கலாம்.